இரவு உழைப்பும் குழந்தைகளின் உறக்கமும்

நமது சங்கத்தின் மகாசபையில் நூல் விலையைப் பற்றிப் பேசுகிறோம். கூலி உயர்வைப் பற்றிப் பேசுகிறோம். மிளகாய்க்கு நியாய விலை, பயிர்க் கடன், பங்கு ஈவு முதலிய எல்லா விஷயங்களையும் பற்றிப் பேசுகிறோம். இவையெல்லாம் பேச வேண்டியவையே. ஆனால் நம் வீடுகளில் ஒவ்வோர் இரவும் கரைந்துகொண்டிருக்கும் ஒரு முதலைப் பற்றி எந்த நிகழ்ச்சி நிரலிலும் நான் கண்டதில்லை. அந்த முதல் நம் குழந்தைகளின் உறக்கம். பெற்றோர் இரவில் உழைக்கும் வீட்டில் பிள்ளை எப்போது படுக்கிறது, எப்போது எழுகிறது, நடுவில் எத்தனை முறை எழுப்பப்படுகிறது என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இது வீட்டு விஷயம், பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். இது வீட்டு விஷயம் மட்டுமல்ல, சங்கத்தின் விஷயமும் ஆகும் என்பது என் துணிபு. அதற்குரிய காரணங்களை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கண்விழிக்கும் கரை

நமது மாவட்டம் இரவில் உறங்கும் மாவட்டம் அன்று. இராமேசுவரத்தில் காலையில் டோக்கன் பெற்றுக் கடலுக்குப் புறப்படும் விசைப்படகு, இரவு முழுதும் கடலிலே கழித்து மறுநாட் காலையில்தான் கரை சேருகிறது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கு, மற்ற நாட்கள் நாட்டுப் படகுகளுக்கு என்ற ஏற்பாடு பாக் நீரிணைப் பகுதியில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆகவே மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு வாரத்தில் சில இரவுகள் தந்தை உள்ள இரவுகள். சில இரவுகள் தந்தை இல்லாத இரவுகள். படகு வர வேண்டிய நேரத்தில் வாராமற் போனாலோ, அன்று வீட்டில் யாருக்குமே உறக்கம் கிடையாது. மீன் ஏலத்துக்குக் கூடையெடுத்துச் செல்லும் பெண்கள் விடியலுக்கு முன்பே துறையில் நிற்கிறார்கள். பாம்பன், சின்னப்பாலம் முதலிய ஊர்களில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் கடலில் இறங்குகிறார்கள். அவர்கள் வீட்டை விட்டுப் புறப்படும் நேரத்தைக் கடிகாரம் நிர்ணயிப்பதில்லை. கடல் வற்றும் நேரமே நிர்ணயிக்கிறது. வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் வெயிலுக்கு அஞ்சி இருளிலேயே வேலை தொடங்குகிறவர்கள் உண்டு.

இவர்கள் நம் அயலார். நம் வீட்டுக் கதையும் வேறன்று. மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் இரவிலேயே தண்ணீர் பாய்ச்ச வேண்டும். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நமது முண்டு மிளகாய், களத்தில் காயும் நாட்களில் காவல் கேட்கிறது. பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் கைத்தறி இயல்பாகப் பகல் தொழில்தான். ஆயினும் தீபாவளியும் முகூர்த்த மாதங்களும் நெருங்கும்போது குழித்தறியின் மேலே விளக்கு எரிகிறது. நாடாவின் ஓசை நள்ளிரவு வரை நிற்பதில்லை. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023 மார்ச் முதல் 300 யூனிட்டாக உயர்ந்தது. இது மிகுந்த உதவியே, மறுப்பதற்கில்லை. ஆனால் விளக்கு எரியும் அதே அறையிலேதான் நம்மில் பலருடைய குழந்தைகள் உறங்குகின்றன என்பதையும் நாம் மறக்கலாகாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக நூற்பாலை இருக்கிறது. கமுதி வட்டம் அச்சங்குளத்தில் அமைந்துள்ள நமது மாவட்டக் கூட்டுறவு நூற்பாலையானாலும், நம் பிள்ளைகள் பிழைப்புத் தேடிச் செல்லும் மேற்கு மாவட்டத்துத் தனியார் ஆலைகளானாலும், நூற்புக் கதிர்கள் இரவென்று நிற்பதில்லை. நிறுத்தி மீண்டும் ஓட்டினால் இழை அறுந்து கழிவு மிகும். போட்ட முதலுக்கு வட்டியும் நிற்பதில்லை. ஆதலால் எட்டு மணி நேரம் கொண்ட மூன்று முறைகளில் ஆலை ஓடுகிறது. ஒரு தொழிலாளி இந்த வாரம் பகல் முறை, அடுத்த வாரம் இரவு முறை என்று மாறிக்கொண்டிருக்கிறார். நமது தறிக்கு வரும் நூலில் ஏதோ ஒரு தாயின் இரவு கலந்திருக்கிறது. இதை எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் நாமே.

உறக்கம் என்ன செய்கிறது

உறக்கம் என்பது வேலையில்லாமல் கிடக்கும் நேரம் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. வைத்திய சாஸ்திரம் அவ்வாறு சொல்லவில்லை. குழந்தையின் உடல் வளர்ச்சிக்கு வேண்டிய சுரப்பு நீர், இரவின் முற்பகுதியில் வரும் ஆழ்ந்த உறக்கத்திலேயே மிகுதியாகச் சுரக்கிறது. பகலில் கற்ற பாடம் மனத்தில் பதிவதும் உறக்கத்திலேதான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான அளவை வெளியிட்டது. பிறந்து மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம். நான்கு முதல் பதினொரு மாதம் வரை 12 முதல் 16. ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14. மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம். இவை பகலுறக்கமும் சேர்ந்த கணக்கு. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் கூறியபடி, ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வரை 8 முதல் 10 மணி நேரமும் வேண்டும். காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய எட்டு வயதுப் பிள்ளை, குறைந்த அளவான ஒன்பது மணி நேரத்தைப் பெறுவதற்கே இரவு ஒன்பது மணிக்குள் உறங்கியிருக்க வேண்டும். இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தம் வீட்டில் போட்டுப் பார்க்கலாம்.

மணிக் கணக்கு மட்டும் போதாது, வேளையும் முக்கியம். நம் ஒவ்வொருவர் மூளையிலும் நாளின் போக்கை அளக்கும் கடிகாரம் ஒன்று உண்டு. உடலின் உயிரணுக்களில் இந்தக் கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களைக் கொண்டு கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இக்கடிகாரத்தைச் சரியாக வைப்பது ஒளி. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் அது முன்னே செல்கிறது. இரவில் விளக்கொளி பட்டால் பின்தங்குகிறது. இருள் சூழ்ந்தபின் உடலில் சுரந்து உறக்கத்துக்கு வழிசெய்யும் மெலட்டோனின் என்ற நீர், விளக்கொளியில் குறைந்துவிடுகிறது. சிறு குழந்தையின் கண்ணில் வில்லை தெளிவாக இருப்பதால் பெரியவர்களைக் காட்டிலும் மிகுந்த ஒளி உள்ளே செல்கிறது. தறி விளக்கும் கைப்பேசித் திரையும் நமக்குச் செய்யும் தீங்கைவிடக் குழந்தைக்குச் செய்யும் தீங்கு அதிகம் என்பது இதனால் விளங்கும்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. தந்தையின் வேலை முறை வாரத்துக்கு வாரம் மாறலாம். குழந்தையின் கடிகாரம் அதனுடன் மாறாது. மாற்றினால் இழப்பு குழந்தைக்கே.

நாம் செய்யும் பிழைகள்

எவரையும் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. எல்லாம் அன்பினாலும் இல்லாமையினாலும் நேருகின்றவை. ஆயினும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வரும் தந்தை, உறங்கும் பிள்ளையை எழுப்பித் தின்பண்டம் கொடுத்துக் கொஞ்சுகிறார். நாள் முழுதும் பிள்ளையின் முகம் காணாத தந்தைக்கு அந்த ஆசை இல்லாமல் இருக்குமா? ஆனால் ஆழ்ந்த உறக்கம் அந்த வேளையில்தான் கலைகிறது. மறுநாள் முதல் பிள்ளையும் அந்தத் தின்பண்டத்துக்காகப் பதினொரு மணி வரை விழித்திருக்கக் கற்றுக்கொள்கிறது.

இரண்டாவது, தாய் விடியலுக்கு முன் புறப்படும்போது உறங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டி வீட்டிலோ அடுத்த வீட்டிலோ கொண்டுபோய்க் கிடத்துகிறாள். ஓரிடத்தில் கண்மூடி வேறோரிடத்தில் கண்விழிக்கும் குழந்தை, சில நாட்களில் கண்மூடவே அஞ்சுகிறது.

மூன்றாவது, இரவு முறை முடித்து வந்த பெற்றோர் பகலில் உறங்குவதற்காகக் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு, குழந்தை சத்தமிடாதிருக்கக் கைப்பேசியைக் கொடுக்கிறார்கள். குழந்தைக்கு வேண்டிய காலை வெளிச்சம் அன்று கிடைப்பதில்லை. ஓடி ஆடிக் களைப்பதும் இல்லை. இரவில் உறக்கம் வாராமற் போவதில் வியப்பென்ன?

நான்காவது பிழைதான் மிகப் பெரியது. நாம் காணாத பிழையும் அதுவே. தாயும் தந்தையும் வேலைக்குப் போன வீட்டில் கைக்குழந்தை அழுதால் யார் எழுகிறார்கள்? பத்து, பதினொரு வயது அக்காள் எழுகிறாள். தொட்டிலை ஆட்டுகிறாள், பால் கலக்குகிறாள், விடிந்தால் தண்ணீர் பிடிக்கிறாள், பிறகு பள்ளிக்குப் போய்க் கண்ணயர்கிறாள். உறக்கம் குறைந்த பிள்ளைகள் எல்லோரும் தூங்கி வழிவதுமில்லை. சிலர் அமைதியிழந்து, எதிலும் மனம் நிலைக்காமல், எடுத்ததற்கெல்லாம் சினம் கொள்கிறார்கள். அவர்களைப் பள்ளியில் அடங்காப் பிள்ளைகள் என்கிறோம். படிப்பு ஏறவில்லை என்று எட்டாம் வகுப்போடு ஒரு பெண்ணை நிறுத்தும் வீட்டார், அவளுடைய இரவு எத்தனை மணி நேரம் என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? அவளுக்கு ஏறாமற் போனது படிப்பல்ல. கிடைக்காமற் போனது உறக்கம் என்று நான் கருதுகிறேன்.

வீட்டில் செய்யத்தக்கவை

இல்லாத பணத்தைக் கொண்டு செய்ய வேண்டியவற்றை நான் சொல்லப் போவதில்லை. நெசவாளருக்குத் தெரிந்த உவமை ஒன்று உண்டு. ஊடை எத்தனை நிறமாகவும் மாறலாம். பாவு ஒரே சீராக இழுத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். பாவு தளர்ந்தால் எந்த ஊடையும் துணியைக் காப்பாற்றாது. குழந்தையின் நாளுக்குப் பாவு போன்றது அது எழும் நேரம். ஆலை முறை எதுவாயினும், விடுமுறை நாளாயினும், எழும் நேரத்தை மாற்றாதிருங்கள். எழுந்தவுடன் வாசலுக்கு அனுப்புங்கள். நம் கரையில் காலை வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை.

படுக்கும் இடமும் மாறலாகாது. பாட்டி வீட்டில் கிடத்துவதானால் மாலையிலேயே கொண்டு விடுங்கள். அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி, அங்கேயே எழட்டும். முடியுமானால் பாட்டியே நம் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வது அதனினும் நன்று. இரவில் தறி ஓட்ட வேண்டியிருந்தால் குழந்தையை மறு அறையில் படுக்க வையுங்கள். ஒரே அறையானால் விளக்கைத் தாழ்த்தி மறைப்புக் கட்டுங்கள்.

தந்தையின் ஆசைக்கும் வழியுண்டு. இரவு முறை முடித்துக் காலையில் வருபவர் உடனே படுக்காமல், பிள்ளைக்குத் தலை வாரி, பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டு வந்து உறங்கட்டும். மாலை முறைக்காரர் காலை உணவைப் பிள்ளையுடன் உண்ணட்டும். நள்ளிரவில் அரைத் தூக்கத்தில் பார்க்கும் பத்து நிமிடத்தைக் காட்டிலும், விழித்த பிள்ளையோடு நடக்கும் பத்து நிமிடம் அதன் நெஞ்சில் நெடுநாள் நிற்கும். பெற்றோரின் பகலுறக்கத்தையும் அற்பமாக எண்ணலாகாது. இரவு முறை வேலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-இல் வகைப்படுத்தி, 2019-இல் அதனையே உறுதி செய்திருக்கிறது. அவர்கள் உறங்கும் வேளையில் குழந்தையை வெளியே விளையாட அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். இந்த ஒருவர் யார் என்பதே கேள்வி.

சில ஆட்சேபங்கள்

“நாங்களும் இப்படித்தான் வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம்?” என்று முதியவர்கள் கேட்கலாம். அவர்கள் வளர்ந்த காலத்தில் இருட்டிய பிறகு ஊர் அடங்கியது. தாய் கடலோரம் போனால் வீட்டில் பாட்டியும் அத்தையும் இருந்தார்கள். இன்று விளக்கு அணைவதில்லை. கூட்டுக் குடும்பமும் குறைந்துவிட்டது. இராமேசுவரம் தந்த அப்துல் கலாம் சிறுவராயிருந்தபோது விடியற்காலை நான்கு மணிக்கே கணக்குப் பாடம் கற்கப் போகவில்லையா என்றும் கேட்பார்கள். போனார். ஆனால் அவருக்கு முன்பே அவருடைய தாயார் எழுந்து அவரை ஆயத்தம் செய்து அனுப்பினார் என்பதையும் அவரே தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளையின் வேளையைக் காக்க ஒருவர் வீட்டில் இருந்தார். அத்தகைய ஒருவர் இல்லாத வீடுகளைப் பற்றியே நான் பேசுகிறேன். மேலும், பேராற்றல் வாய்ந்த ஒருவர் தாங்கிய சிரமத்தை எல்லாப் பிள்ளைகள் தலையிலும் ஏற்றுவது நீதியன்று.

“ஏழைக்கு ஏது வேளை? வேலை கிடைக்கும்போது செய்துதானே ஆக வேண்டும்?” என்பது மற்றோர் ஆட்சேபம். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். தனியொரு குடும்பத்தால் இதைத் தீர்க்க முடியாது. தனித்து முடியாததைச் சேர்ந்து முடிப்பதற்காகத்தானே சங்கம் ஏற்பட்டது?

சங்கம் செய்யத்தக்கவை

முதலில், நம் கையிலேயே உள்ளதைச் செய்வோம். பண்டிகைக்கு முன் நெசவாளர் இரவு பகலாக நெய்வதற்குச் சோம்பல் காரணமன்று. நூலும் ஜரிகையும் காலங்கடந்து கிடைப்பதும், சரக்கு ஒப்படைக்கும் தேதி ஒரே வாரத்தில் குவிவதுமே காரணம். பாவு நூலை முன்கூட்டியே பட்டுவாடா செய்து, ஒப்படைப்பு நாட்களைத் தெருவாரியாகப் பிரித்து வைத்தால் பாதி இரவுகள் மீளும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

இரண்டாவது, கூட்டுறவு நூற்பாலை நிர்வாகத்துக்கு நாம் எழுத வேண்டும். முறைப் பட்டியல் ஒரு மாதம் முன்பே தொழிலாளருக்குத் தெரிய வேண்டும். கணவனும் மனைவியும் வேலை பார்த்தால் இருவரையும் ஒரே இரவில் அழைக்கலாகாது. முறை மாறும்போது காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மாறட்டும். எதிர் வரிசையைவிட இதை உடல் எளிதில் ஏற்கும்.

மூன்றாவது, காப்பகம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவில் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. பெண்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட அவர்களுடைய குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றும் விதித்தது. இரவு வேலைத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் நீக்கி, பாதுகாப்புக்கான நிபந்தனைகளையும் விதித்தது. சம உரிமை நோக்கில் அது நியாயமான தீர்ப்பே. ஆனால் இரவு வேலைக்குக் கதவு திறந்த வேகத்தில் இரவுக் காப்பகத்துக்குக் கதவு திறக்கவில்லை. அங்கன்வாடி பகலுக்கு உரியது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே பிள்ளைக்கு இடமில்லை.

ஆகவே தெருவுக்கு ஒரு வீடு என்று நான் யோசனை கூறுகிறேன். நம்பிக்கைக்குரிய மூதாட்டி ஒருவர் வீட்டில், மாலை ஏழு மணிக்கே பிள்ளைகள் வந்து சேர வேண்டும். ஒன்பது மணிக்குள் விளக்கணைய வேண்டும். காலை வரை எவரும் எழுப்பலாகாது. பத்துக் குடும்பங்கள் நாளொன்றுக்கு இருபது ரூபாய் கொடுத்தால் இருநூறு ரூபாய் சேரும். அதே அளவு தொகையைச் சங்கம் தன் பொது நல நிதியிலிருந்து கொடுக்கட்டும். அந்த மூதாட்டிக்கும் அது ஒரு ஜீவனமாகும். பத்து வீட்டு அக்காள்மாரும் அன்றிரவு குழந்தைகளாகவே உறங்குவார்கள்.

காலைப் பசிக்கு ஏற்கெனவே வழி பிறந்துள்ளது. 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. தாய் துறைக்குப் போன வீட்டில் பிள்ளை அடுப்பு மூட்ட விடியுமுன் எழ வேண்டியதில்லை. அந்த நேரத்தை உறக்கத்துக்கே விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு சொல். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு முதலே மத்திய அரசின் விதி. திருவிழாக்களுக்காக ஆண்டில் சில நாட்கள் மட்டும் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரமுண்டு. எல்லாத் தெய்வங்களுக்கும் எல்லா மதத்தாருக்கும் பொதுவான விதி இது. நம் அங்கத்தினர்களே பல விழாக் குழுக்களில் இருக்கிறார்கள். அவர்கள் மனம் வைத்தால் காவல் துறையை நாட வேண்டியதில்லை.

நாம் இரவில் உழைப்பது யாருக்காக? பிள்ளைகளுக்காக என்றே எல்லோரும் சொல்வோம். அப்படியானால் அந்த உழைப்புக்குரிய விலையை அவர்களிடமே வாங்குவது முறையா? இரவு முறை ஒழிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது இன்று நம்மால் ஆகாது. இரவைப் பெரியவர்கள் சுமப்போம். பிள்ளைகள் தலையில் அதை ஏற்ற வேண்டாம் என்றே கேட்கிறேன். அடுத்த மகாசபை நிகழ்ச்சி நிரலில் நூல் விலைக்கும் பங்கு ஈவுக்கும் அடுத்தபடியாக இந்த விஷயத்தையும் ஒரு தீர்மானமாகச் சேர்க்கும்படி நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். அங்கத்தினர்கள், சிறப்பாகத் தாய்மார்கள், கூட்டத்துக்குத் தவறாமல் வந்து தங்கள் அபிப்பிராயத்தைத் தெரிவிக்க வேண்டும்.